கால் வீக்கமா? நிணநீரை ஓடவிட 20 குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு கவரைப்பேட்டைக்குத் திரும்புகிறவர்கள் பலருக்கும் இது பழக்கமான காட்சி. ஷூவைக் கழற்றி சாக்ஸை உருவினால் கணுக்காலுக்கு மேலே வளையமாக ஒரு பள்ளம். அதற்குக் கீழே பாதம் உப்பியிருக்கும். தூங்கி எழுந்தால் காலையில் வற்றிவிடும். "நின்னுக்கிட்டே வேலை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது, எப்படி வற்றியது? நம் ரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் நீர் நுண்குழாய்களின் சுவர் வழியாகக் கசிந்து திசுக்களுக்குப் போகிறது. பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். மீதமுள்ள சுமார் 3 லிட்டரும், அதோடு கசிந்த புரதமும் நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வாய்க்காலில் பாய்ந்த தண்ணீரில் மீந்தது வடிகாலில் இறங்காவிட்டால் பயிர் அழுகிவிடும் என்பது பொன்னேரிப் பக்கம் நெல் வைத்தவர்களுக்குத் தெரியும். உடம்பின் வடிகால்தான் நிணநீர் மண்டலம். வழியில் கிருமிகளை வடிகட்டுவது, சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆகியவையும் இதன் வேலைகள்தான்.

இந்த ஓட்டத்தைத் தள்ளிவிட இதயம் மாதிரி ஓர் உறுப்பு கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாமாக மெல்லச் சுருங்கும். மிச்சத்தை நம் தசையும் மூச்சும்தான் செய்ய வேண்டும். அதனால் நிணநீர் மண்டலத்தைப் பராமரிக்க நாம் முக்கியமாகச் செய்யவேண்டியது இரண்டு காரியம்: உடம்பை அசைப்பது, கிருமி உள்ளே நுழையாமல் தோலைக் காப்பது.

ஓட்டம் தடைபடாமல் இருக்க

1. மெஷின் முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறவர்கள் அரைமணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், 15 முதல் 20 தடவை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ரத்தக்குழாயும் நிணநீர்க் குழாயும் சேர்ந்து அழுத்தப்படும். உள்ளே ஒருவழி வால்வுகள் இருப்பதால் மேலே ஏறிய நீர் கீழே இறங்காது. நின்ற இடத்திலேயே செய்யலாம், வேலையும் கெடாது.

2. உட்கார்ந்தே வேலை பார்க்கிற தையல்காரர்கள், கணக்குப் பிள்ளைகள், கம்பெனி பஸ்ஸிலும் புறநகர் ரயிலிலும் நீண்ட நேரம் போய்வருகிறவர்கள் பாதத்தை வலமும் இடமுமாகச் சுழற்றுங்கள். முன்பாதத்தை மேலே இழுத்து, பிறகு கீழே நீட்டுங்கள். நாற்காலியில் கால் தொங்கினால் தொடைக்குக் கீழே அழுத்தும். காலடியில் ஒரு பலகையோ மணையோ போட்டுக்கொள்ளுங்கள்.

3. படுக்கும் முன் பத்து தடவை வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, நிதானமாக விடுங்கள். இரண்டு கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீர், முதுகெலும்புக்கு முன்னால் ஏறும் ஒரே பெரிய குழாய் வழியாக இடது கழுத்துப் பக்கத்து ரத்தநாளத்தில் போய்ச் சேர்கிறது. உதரவிதானம் இறங்கி ஏறும்போது ஏற்படும் அழுத்த மாற்றம் அந்தக் குழாயில் நீரை மேலே தள்ளும். காசு செலவில்லாத மருந்து இது.

4. இரவில் கால் சற்று உயர்ந்திருக்கட்டும். தலையணை வைத்தால் தூக்கத்தில் நழுவிவிடும். கட்டிலின் கால்மாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் தலா ஒரு செங்கல் வைத்தால் போதும். இதய நோய் உள்ளவர்களும், மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

5. இறுக்கமான எலாஸ்டிக், சதையில் பதியும் சாக்ஸ், அழுத்திக் கட்டிய பாவாடை நாடா ஆகியவற்றைத் தளர்த்துங்கள். கழற்றிய பிறகும் தடம் வெகுநேரம் மறையாவிட்டால் அது அதிக இறுக்கம் என்று அர்த்தம். வீக்கத்துக்கென்று விற்கும் அழுத்தக் காலுறை வேறு சமாச்சாரம். அதை அளவெடுத்து, டாக்டர் சொன்னால்தான் போட வேண்டும். காலுக்கு ரத்தம் சரியாகப் போகாதவர்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு, அது தீங்காக முடியும்.

6. கால் வீங்குகிறது என்று தாமாகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள் சிலர். உலைக்களத்திலும் ரோலிங் மில்லிலும் வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு இது ஆபத்து. குறைக்க வேண்டியது உப்பைத்தான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழவேற்காட்டுக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே வேளையில் தட்டுக்கு வந்தால் அந்தக் கணக்கு அந்த வேளையிலேயே முடிந்துவிடும். சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன தண்ணீர் அளவை மீற வேண்டாம்.

தோலைக் காக்க

7. கால்விரல் இடுக்குதான் எல்லாரும் மறக்கும் இடம். எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவுக்குள் வியர்த்த காலில், நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே விரித்துப் பாருங்கள். தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, அடியில் சிவப்பாக ஒரு கீறல் தெரிந்தால் அது சேற்றுப்புண். சொர்ணவாரியிலும் சம்பாவிலும் நாற்று நடுகிற பெண்களுக்கும் இதே பாடுதான். அந்த மெல்லிய கீறல் வழியாகத்தான் கிருமிகள் நிணநீர்க் குழாய்க்குள் நுழைகின்றன. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒவ்வோர் இடுக்கையும் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். புண் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூஞ்சைக்கான களிம்பு வாங்கிப் போடுங்கள்.

8. சாக்ஸ் இரண்டு ஜோடியாவது வேண்டும். ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று காலில். பருத்தி நல்லது. ஷூவை வீட்டுக்குள் மூலையில் தள்ளாமல், நாக்கை வெளியே இழுத்துவிட்டு வெயில் படும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள்.

9. குதிகால் வெடிப்பைப் பிளேடால் சீவ வேண்டாம். இரவில் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

10. இரும்புத் துகள் கிழித்தாலும் முள் குத்தினாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிவிட்டு, டிடி ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்து, ஞாபகம் இல்லாவிட்டால் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

11. எங்கோ தேள் கொட்டினால் எங்கோ நெறி கட்டும் என்பார்கள். பாதத்தில் புண் வந்தால் தொடை இடுக்கிலும், கையில் வந்தால் அக்குளிலும், பல்லிலோ தொண்டையிலோ வந்தால் தாடைக்கு அடியிலும் நெறி கட்டுவது நிணநீர்க் கணு கிருமியை மறித்து நிற்பதால்தான். உடம்பில் இப்படி ஐநூறுக்கும் மேற்பட்ட கணுக்கள் உண்டு. நெறியை அமுக்கித் தேய்ப்பதோ, சூடு போடுவதோ, பச்சிலை வைத்துக் கட்டுவதோ வேண்டாம். அது எந்தப் புண்ணிலிருந்து வந்தது என்று தேடி, அந்தப் புண்ணுக்கு வைத்தியம் பாருங்கள். நெறி பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கும்.

12. அடங்காத நெறியைக் கவனியுங்கள். வலியே இல்லாமல் கழுத்தில் ஒன்றோ பலவோ மாதக்கணக்கில் நிற்பது, கல் மாதிரி கெட்டியாக இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, கூடவே மாலைக் காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, எடைக் குறைவு ஆகியவை காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ அறிகுறியாக இருக்கலாம். நுரையீரலில் மட்டும்தான் காசநோய் வரும் என்று நினைக்காதீர்கள். கழுத்துக் கணுவிலும் வரும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கொசுவும் யானைக்காலும்

13. சென்னையை ஒட்டிய வட மாவட்டங்களும் காவிரிப் படுகையும் யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த பகுதிகள். நிணநீர்க் குழாய்க்குள் குடியேறும் நூல் போன்ற புழு, பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து குழாயைக் கெடுத்துவிடுவதுதான் இந்த நோய். பரப்புவது கியூலெக்ஸ் கொசு. டெங்கு கொசு மாதிரி குடத்து நல்ல தண்ணீரைத் தேடாது. சாக்கடை, செப்டிக் டேங்க், தேங்கிய அழுக்குத் தண்ணீர் எல்லாம் அதற்கு வீடு. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். மூடியின் விரிசலில் சிமென்ட் பூசுங்கள். சின்ன வேலை, தெருவுக்கே நல்லது.

14. இந்தக் கொசு இரவில் கடிக்கும். கொசுவலை கட்டிப் படுப்பது சுருளைவிட நிச்சயமானது. தகரக் கொட்டகையிலும் செங்கல் சூளைக் குடிசையிலும் பத்துப் பேர் சேர்ந்து படுக்கிற இடங்களில் வலை வாங்கித் தரும்படி காண்ட்ராக்டரிடம் கேளுங்கள்.

15. சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வந்து விரலில் ரத்தம் எடுத்தால் மறுக்க வேண்டாம். புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் பதுங்கியிருந்து, கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித ரத்தத்தில் இவற்றைக் கண்டார். பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பல மாவட்டங்களில் இந்த நோய் இன்னும் உண்டு. அங்கிருந்து ஏராளமானோர் இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்கள். பரிசோதனை அவர்களைக் குற்றம் சொல்வதற்கு அல்ல. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் கால் வீங்காமலே தப்பலாம், அக்கம்பக்கத்துக்கும் பரவாது. அவர்களுக்குப் புரியும் மொழியில் இதைச் சொல்ல உங்கள் பட்டறையிலேயே ஆள் இருப்பார்.

16. கிருமி இருப்பது தெரிந்தால் டிஇசி மாத்திரையை எடைக்கேற்ப 12 நாள் தருவார்கள். எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்குழு உருவாக்கிய மருந்து இது. அவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாத்திரை போட்டதும் லேசான காய்ச்சல், தலைவலி வந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். கிருமி சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினைதான் அது. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் இதைக் கொடுப்பதில்லை. அதனால் கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

17. ஏற்கெனவே யானைக்கால் உள்ளவருக்கு வீட்டில் செய்யும் பராமரிப்புதான் பெரிய வைத்தியம். வேண்டியது ஒரு பேசின், ஒரு மக், சாதா சோப்பு, மெல்லிய துண்டு. ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலிலிருந்து பாதம் வரை சூடில்லாத தண்ணீரை ஊற்றி, மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து, பஞ்சுத் துணியால் மெல்லக் கழுவ வேண்டும். வழிகிற தண்ணீர் தெளிவாகும்வரை அலசி, மடிப்புக்குள்ளும் ஈரத்தை ஒற்றி எடுத்து, புண் இருந்தால் களிம்பு. பிறகு காலை உயர்த்தி வைத்து, பாதத்தை அசைக்க வேண்டும். இதைத் தினமும் செய்தால் அடிக்கடி வரும் காய்ச்சல் குறையும், வீக்கம் மேலும் மோசமாகாது. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம் கழுவுதல், யோகா, ஆயுர்வேதம், அழுத்தக் கட்டு ஆகியவற்றைச் சேர்த்து நல்ல பலன் கண்டிருக்கிறது. தொட்டால் ஒட்டாது, சாபமும் இல்லை. பந்தியில் தள்ளி உட்கார வைக்காதீர்கள். முற்றிய நிலை நோயாளிகளுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்தை ஆபரேஷனால் சரிசெய்துவிடலாம், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

18. வீங்கிய கால் திடீரென்று சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் கிருமி உள்ளே புகுந்துவிட்டது. அன்று நடையும் பயிற்சியும் வேண்டாம். காலை உயர்த்திப் படுத்து, ஈரத்துணி போட்டு, நிறைய தண்ணீர் குடித்து, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்குமே தவிர, கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக் தேவை. இந்த மாதிரிக் காய்ச்சல் ஒவ்வொன்றும் நிணநீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டுத்தான் போகும்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

19. மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். உடனே வரலாம், வருஷங்கள் கழித்தும் வரலாம். வளையலோ மோதிரமோ இறுகுவது முதல் அறிகுறி. அடுப்பில் கைபடாமல் பிடிதுணி, பாத்திரம் தேய்க்கையில் கையுறை, ஊசியும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தவரை மறு கையில் என்று பழகிக்கொள்ளுங்கள். கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருப்பது தவறு. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். வீக்கம் எதுவானாலும், 'நிணநீரைச் சுத்தம் செய்யும்' பானம், பொடி, கால் பட்டை என்று விற்பதற்கெல்லாம் பணத்தை விரயம் செய்யாதீர்கள். உடம்பின் கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. நிணநீருக்கான மசாஜ் உண்டு. பயிற்சி பெற்றவர் தோலை மிக மென்மையாக நகர்த்திச் செய்வது அது. எண்ணெய் ஊற்றி அழுத்தித் தேய்ப்பதால் நிணநீர் நகராது. காய்ச்சலும் சிவப்பும் இருக்கும்போது எந்த மசாஜும் கூடாது.

20. எந்த வீக்கத்துக்கு எங்கே ஓடுவது? முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து நொடி அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் கோத்திருக்கிறது. இரண்டு காலும் சமமாக வீங்கி, காலையிலும் வற்றாமல் இருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளாலும் இது வரும், ஆனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஒரு காலில் மட்டும் மெல்ல மெல்ல ஏறும் வீக்கமும், சிறுநீர் பால் போல வெளுத்துப் போவதும் நிணநீர்க் கோளாறாக இருக்கலாம். வாரம் ஒருநாள், அதே நேரத்தில், கணுக்காலுக்கு மேல் அதே இடத்தில் தையல் டேப்பால் அளந்து எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே காலில் திடீர் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் வந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலும் அன்றே போக வேண்டும். பக்கத்தில் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பெரிய சிகிச்சைக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை. போகலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.